ஆல்ப்ஸில் குழுவாக பஸ் பயணம்: டிரைவரின் கடிகாரத்தை வைத்துத் திட்டம் போடுவது எப்படி

நாற்பது பேர் சேர்ந்து ஐரோப்பா போகலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் செய்வது ஊர்ப்பட்டியல் போடுவதுதான். லூசெர்ன், இன்டர்லாக்கன், செர்மாட், செயின்ட் மோரிட்ஸ், இன்ஸ்ப்ரூக் என்று எழுதி, கூகுள் மேப்பில் தூரம் பார்த்து, "அவ்வளவுதானே, நாலு மணி நேரம்" என்று ஹோட்டல் போட்டுவிடுவார்கள். திட்டம் உடைவது இந்த இடத்தில்தான். மலையில் டூர் பஸ்ஸின் நாள் எவ்வளவு நீளம் என்பது தூரத்தைப் பொறுத்ததல்ல. டிரைவர் சட்டப்படி எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதைப் பொறுத்தது. அதை முதலில் கணக்குப் போட்டு, பிறகு ஊர்களை அதற்குள் அடக்குங்கள்.

கீழே இருப்பது 8 நாள், 7 இரவுத் திட்டம். ஜூரிக்கில் இறங்கி மியூனிக்கில் விமானம் ஏறுவது. விசா, காப்பீடு பற்றி இணையத்தில் நிறையவே இருப்பதால் ஒரே ஒரு குறிப்போடு நிறுத்துகிறேன்: அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் சுவிட்சர்லாந்தில் 5 இரவு, ஆஸ்திரியாவில் 2. ஆகவே சுவிஸ்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் மூன்றாம் வாரம் முதல் செப்டம்பர் கடைசி வரை. நம் ஊரில் பள்ளி விடுமுறை என்று ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போனால் மூன்று இடைஞ்சல்கள். ஃபுர்கா (2,429 மீ), கிரிம்செல் (2,164 மீ), சுஸ்டென் போன்ற உயரமான கணவாய்கள் பெரும்பாலும் ஜூன் வரை பனியில் மூடியிருக்கும். கேபிள் கார்களில் பல அந்தச் சமயத்தில்தான் ஆண்டுப் பராமரிப்புக்கு நிற்கும். செயின்ட் மோரிட்ஸ் போன்ற ஸ்கீ ஊர்களில் இரண்டு சீசனுக்கு நடுவே ஹோட்டல்களும் உணவகங்களும் கதவைச் சாத்திவிடும்.

மே மாதம்தான் முடியும் என்றாலும் இந்தத் திட்டத்தின் சாலை திறந்திருக்கும். வழியில் வரும் பிரூனிக் (1,008 மீ), யூலியர் (2,284 மீ) கணவாய்கள் இரண்டையும் ஆண்டு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். கேபிள் கார் தேதிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: தங்கும் ஊர்கள் மூன்றே மூன்று

இன்டர்லாக்கன் 3 இரவு, செயின்ட் மோரிட்ஸ் 2, இன்ஸ்ப்ரூக் 2. தினமும் ஹோட்டல் மாற்றும் திட்டங்களை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். நாற்பது பேரின் பெட்டிகளை அறையிலிருந்து இறக்கி, பஸ்ஸின் வயிற்றில் அடுக்கி, சாவிகளைத் திருப்பிக் கொடுத்துக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும். சாயங்காலம் அதே வேலை மறுபடியும்.

செர்மாட் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அங்கே பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பஸ் ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரிலேயே நின்றுவிடும். அங்கிருந்து 12 நிமிட ரயில். இரவு தங்குவதென்றால் நாற்பது சூட்கேஸ்களும் ரயில் ஏற வேண்டும். அங்கிருந்து தெரியும் மாட்டர்ஹார்ன் சிகரத்தைப் (4,478 மீ) பார்த்தே தீர வேண்டும் என்றால் பெரிய பெட்டிகளை பஸ்ஸிலேயே பூட்டிவிட்டு, ஆளுக்கொரு சின்னப் பையோடு ஒரு இரவு போய் வாருங்கள்.

படி 3: டிரைவரின் கணக்கு

மெதுவாகப் படியுங்கள். திட்டம் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

ஐரோப்பிய விதிகளின்படி ஒரு டிரைவர் ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம் (வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10). நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. அதை முதலில் 15, பிறகு 30 என்று பிரிக்கலாம். சுவிட்சர்லாந்திலும் ஏறக்குறைய இதே கணக்குதான். 9 மணி நேர ஓட்டம் தாராளம், மலையில் யாரும் அவ்வளவு ஓட்டப்போவதில்லை. மாட்டிக்கொள்வது அடுத்த விதியில்: வேலை தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அவர் 11 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவருடைய நாள் மொத்தம் 13 மணி நேரம். நீங்கள் மலை உச்சியில் சுற்றும்போது அவர் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த 13 ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எண்களில் பாருங்கள். காலை 8:00 மணிக்குப் புறப்பாடு என்றால், டயர், விளக்கு, எண்ணெய் பார்க்க டிரைவர் 7:30-க்கே வந்துவிடுவார். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது 7:30-க்கு. இரவு 8:30-க்கு பஸ் ஹோட்டல் வாசலில் அல்ல, நிறுத்துமிடத்தில் நின்றிருக்க வேண்டும். "ராத்திரி ஒரு இந்திய ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பலாம்" என்பது இந்தக் கணக்கில் அடங்காது. 11-ஐ 9 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள ஒரு வாராந்தர ஓய்வுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று முறை சலுகை உண்டு. அது பனிச்சரிவு, விபத்து, சாலை மூடல் போன்ற நாட்களுக்கான கையிருப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு அதைச் செலவழித்துவிடாதீர்கள். ஹோட்டலிலேயே காலை உணவும் இரவு உணவும் சேர்த்துப் பதிவு செய்வதே நல்லது.

இடைவேளையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 45 நிமிடம் என்றால் அவர் வண்டியைத் தொடாமல் இருக்கும் 45 நிமிடம். உங்களை வாசலில் இறக்கிவிட்டு பார்க்கிங் தேடுவது ஓட்டும் நேரத்தில் சேரும். நடுவில் யாராவது போய், "அண்ணா, கீழே பெட்டியில் என் ஸ்வெட்டர் இருக்கிறது, கொஞ்சம் திறங்க" என்று கேட்டு அவர் எழுந்து வந்தால் அதுவும் வேலைதான், இடைவேளை கெட்டுவிடும். ஆகவே மதிய நிறுத்தத்துக்கு அட்டவணையில் 70 நிமிடம் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் டாக்கோகிராஃப் கருவி பதிவு செய்கிறது. போலீஸ் நிறுத்திப் பார்த்தால் அபராதமும் டிரைவரின் வேலையும் சம்பந்தப்பட்ட விஷயம். "பத்து நிமிஷம்தானே" என்று அவரைக் கெஞ்ச வைக்கும் நிலைக்குக் கொண்டுபோவது தவறு. நாற்பது உயிர் அவர் கையில் இருக்கிறது. அவர் தூங்கி எழுந்து வர வேண்டும்.

கடைசியாக வாராந்தர ஓய்வு. ஆறு 24 மணி நேரங்கள் முடிவதற்குள் அவருக்கு நீண்ட ஓய்வு வேண்டும்; குறைந்தபட்சம் 24 மணி நேரம். எட்டு நாள் பயணத்தில் இதற்குச் சுலபமான வழி, மூன்றாம் நாள் பஸ்ஸைத் தொடாமல் விட்டுவிடுவது. இரண்டாம் நாள் மாலையிலிருந்து நான்காம் நாள் காலை வரை அவருக்கு 36 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அன்றைக்கு நீங்கள் ரயிலில் போங்கள். லவுட்டர்ப்ரூனென் பள்ளத்தாக்குக்கும், வண்டிகளே போகாத வெங்கென் ஊருக்கும் ரயில்தான் அழகு. எல்லை தாண்டும் ஒரே பயணம் என்றால் இந்த ஓய்வை 12 நாள் வரை தள்ளிப்போட இன்னொரு விதி உண்டு. எதைப் பின்பற்றுகிறார்கள் என்று பஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 4: பஸ்ஸைப் பேசுவது

நாற்பது பேருக்கு 49 இருக்கை கொண்ட 12 மீட்டர் பஸ் போதும். 13, 14 மீட்டர் மூன்று அச்சு வண்டி வசதியாகத் தெரியும், கொண்டை ஊசி வளைவில் திணறும். விலைப்பட்டியல் வாங்கும்போது இவை உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: சாலைக் கட்டணம், நிறுத்தக் கட்டணம், டிரைவரின் தனி அறை, அவரது சாப்பாடு, பஸ் தன் ஊரிலிருந்து காலியாக வந்து காலியாகத் திரும்பும் ஓட்டம். குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் கடைசியதைத்தான் சொல்லாமல் விட்டிருப்பார்.

கூடவே, வழியையும் அனுப்பி "இந்த நீள வண்டி இந்தச் சாலையில் போகுமா" என்று உறுதி வாங்குங்கள். சில சுவிஸ் மலைச்சாலைகளில் 2.30 மீட்டருக்கு மேல் அகலமான வண்டி போகக் கூடாது. டூர் பஸ்ஸின் அகலம் 2.55 மீட்டர். யூடியூபில் பார்த்து ஸ்டெல்வியோ கணவாயைச் (2,757 மீ) சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஒரு பக்கம் மட்டுமே 48 கொண்டை ஊசி வளைவுகள். 12 மீட்டர் பஸ்ஸோடு அங்கே போகாதீர்கள்.

படி 5: நாள்வாரியாக

முதல் நாள்: ஜூரிக் விமான நிலையம், லூசெர்னில் மதியம், பிரூனிக் வழியாக இன்டர்லாக்கன். தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள், வேறெதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: யுங்ஃபிராவ்யோக் என்ற மலைமேல் ரயில் நிலையம். பஸ்ஸில் கிரிண்டெல்வால்ட் டெர்மினல், அங்கிருந்து 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் 15 நிமிடம், பிறகு ஐகர் மலையைக் குடைந்து போகும் பல்சக்கர ரயில். 1912-இல் திறந்த அந்த நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்தாலே புரியும். படியேறும்போது பாதி வேகம், நிறையத் தண்ணீர். தலைவலியோ குமட்டலோ வந்தால் உட்கார வைத்து வேடிக்கை பார்க்காமல் அடுத்த ரயிலில் கீழே அனுப்புங்கள், கூட ஒருவரோடு. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். இன்டர்லாக்கனில் 25 டிகிரி என்றால் மேலே 5, 6 டிகிரிதான். காற்றடித்தால் இன்னும் குறைவு. கறுப்புக் கண்ணாடி கட்டாயம், வெயிலில் பனி கண்ணைக் கூசும்.

காலை ஆறரைக்கு உச்சியின் வெப்கேமைப் பாருங்கள். வெள்ளையாக மட்டும் தெரிந்தால் இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் மாற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து ரயிலிலேயே கிரிண்டெல்வால்ட் டெர்மினல் போய்விட முடியும். டிரைவரின் ஓய்வு நாள் அசையாது. இருக்கை முன்பதிவு செய்திருந்தால் தேதி மாற்ற அனுமதி உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். வானிலைக்கு மெட்டியோசுவிஸ் செயலி ஒன்றே போதும். போனில் கூடவே வரும் வானிலைப் படம் பள்ளத்தாக்கைத்தான் காட்டும், உச்சியை அல்ல.

மூன்றாம் நாள், படி 3-இல் சொன்ன ரயில் நாள். நான்காம் நாள்தான் நீண்ட ஓட்டம். லூசெர்ன், வாலென் ஏரி, மையென்ஃபெல்டில் மதியம், பிறகு கூர், யூலியர் கணவாய், செயின்ட் மோரிட்ஸ். சுவிஸ் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு உச்ச வேகம் 100. கூகுள் காட்டும் நேரத்தைச் சமவெளியில் 1.3-ஆலும், கணவாயில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். அது காருக்கான நேரம்.

ஐந்தாம் நாள்: பெர்னினா ரயில். செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் டிரானோ வரை இரண்டேகால், இரண்டரை மணி நேரம். 2,253 மீட்டர் வரை ஏறி 429 மீட்டருக்கு இறங்குகிறது, பல்சக்கரம் இல்லாமலே. வலது பக்கம் உட்காருங்கள். கண்ணாடிக் கூரை வண்டியைவிடச் சாதாரண ரயிலே நல்லது: அதே தண்டவாளம், ஜன்னலைத் திறக்கலாம், படத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பு விழாது. குழுவுக்கு அதிலும் முன்பதிவு செய்ய வேண்டும். பஸ் காலியாக டிரானோ வந்து உங்களை ஏற்றித் திரும்பும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஆறாம் நாள் எங்காடின் பள்ளத்தாக்கு வழியே, லாண்டெக் தாண்டி இன்ஸ்ப்ரூக். ஏழாம் நாள் நோர்ட்கெட்டே மலை. நகரத்தின் நடுவிலிருந்தே விஞ்ச் ஏறி, அப்புறம் கேபிள் காரில் 2,250 மீட்டருக்கு மேல் போய்விடலாம். பஸ் தேவையில்லை.

எட்டாம் நாள் மியூனிக் விமான நிலையம், சுமார் 200 கிலோமீட்டர். ஜெர்மன் எல்லையில் சோதனை வரிசை இருக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் விடுமுறைக் கூட்டம் சாலையை நிரப்பிவிடும். விமானத்துக்கு ஏழு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

படி 6: பஸ்ஸுக்குள்

இருக்கை அட்டவணையைக் காகிதத்தில் எழுதி முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டுங்கள், தினமும் இரண்டு வரிசை நகர்த்துங்கள். குமட்டல் வருபவர்களுக்கு மட்டும் முன்பக்கம் நிரந்தரம். பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வரிசைகள்தான் வளைவில் அதிகம் ஆடும். மாத்திரை போடுபவர்கள் வளைவு தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

தலை எண்ணுவதற்குச் செயலி எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு எண் கொடுத்து, பஸ் கிளம்புமுன் ஒன்றிலிருந்து நாற்பது வரை அவரவரே உரக்கச் சொல்வது. எது விட்டுப்போனது என்று உடனே தெரியும்.

நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு தெரிந்தால் அது மலை அஞ்சல் சாலை. மஞ்சள் அஞ்சல் பேருந்து மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடித்தபடி எதிரே வரும், அதன் டிரைவர் சொல்கிறபடி மற்ற வண்டிகள் ஒதுங்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் பஸ் பின்னால் நகரலாம். யாரும் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது, பெல்ட் போட்டிருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது

சைவம் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஹோட்டலுக்கு "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை, மீன், கோழி சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டம் அங்கே சைவம்தான், ஆனால் மாவில் முட்டை இருக்கும். ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு வறுவலில் பன்றித் துண்டு கலந்தும் வரும்.

இடைவேளை விதி பற்றி: 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் சுற்றுலா பஸ்களுக்கு அந்த 45 நிமிடத்தை, ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்குக் குறையாமல் விருப்பம்போல் பிரிக்க விட்டது. இந்தத் திட்டத்தில் ஓட்டம் பெரும்பாலும் சுவிஸ் மண்ணில்தான். அங்கே 15, 30 என்ற பழைய வரிசையை வைத்தே அட்டவணை போடுங்கள்.