மேக்ரோவும் டைப்பும்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் எழுதும் புரோகிராமைப் பார்த்துத் திருத்துவது என் வேலை. மேக்ரோ என்றால் புரோகிராம் வரிகளை நமக்காக எழுதித் தருவது; டைப் என்றால் ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா என்று சொல்லும் வகை. எடிட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் தவறுகளை இங்கே எழுதவில்லை. எங்கள் காலத்தில் ரூபி மொழியின் மெத்தட்_மிஸ்ஸிங்கை (இல்லாத பெயரைக் கூப்பிட்டால் ஓடுவது) வைத்து ஆடிய அதே ஆட்டத்தை இப்போது பைத்தானில் ஆடுகிறார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஓடும்போது பெயரை உருவாக்கிவிட்டு டைப் செக்கரை நம்புவது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கான புரோகிராம். பையர்கள் (துணி வாங்கும் கம்பெனிகள்) அனுப்பும் ஆர்டர் ஷீட்டில் தலைப்புகள் ஆளுக்கொரு மாதிரி இருக்கும். எழுதிய தம்பி, ஷீட்டின் தகவலை வைக்கும் கிளாஸில் ஒரு __கெட்ஆட்டர்__ (கிளாஸில் இல்லாத பெயரைக் கேட்டால் ஓடும் ஃபங்ஷன்) வைத்தான். எந்தப் பெயரைக் கேட்டாலும் ஷீட்டில் தேடும். இல்லையென்றால் 0 தரும். ரிப் (கழுத்துப் பட்டிக்கான துணி) எடையைக் கேட்ட வரியில் ஓர் எழுத்து விட்டுப்போனது. ரிப் தேவை 0 என்று வந்தது. பாடித் துணி மட்டும் டையிங்குக்குப் போனது. கழுத்துக்கு வைக்க ரிப் இல்லை என்பது கட்டிங் டேபிளில்தான் தெரிந்தது. அவசரமாக வேறு லாட்டில் சாயம் ஏற்றினார்கள், ஷேடு சேரவில்லை. பாடியும் ரிப்பும் ஒரே லாட்டில் போக வேண்டும் என்பது அங்கே செக்கிங்கில் நிற்கும் அக்காவுக்குக்கூடத் தெரியும்.

"ஏனுங்க சார், மைபைல ஒரு எர்ரர்கூட வரலீங்களே?" என்றான் தம்பி. மைபை என்பது டைப் சரியா என்று பார்க்கும் பைத்தான் டைப் செக்கர்.

வராது. கிளாஸில் __கெட்ஆட்டர்__ இருந்தால் எந்தப் பெயரும் அங்கே உண்டு என்றே மைபை எடுத்துக்கொள்ளும். 'எனி'க்குப் (எதுவும் ஆகலாம்) பதில் 'இன்ட்' (முழு எண்) என்று டைப் போட்டிருந்தாலும் மாட்டியிருக்காது, 0வும் இன்ட்தானே! செக்கர் புரோகிராமை ஓட்டாமல் படிக்கிறது. ஓடும்போது பிறக்கும் பெயரில் பிழை இருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? டைப்பே போடாமல் விட்டிருந்தால்கூட டெஸ்ட் எழுதியிருப்பான். பச்சை டிக்கைப் பார்த்து அதையும் விட்டுவிட்டான். இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் அந்த 0 மேல்தான்.

ஷீட்டைப் படிக்கும் இடத்திலேயே டேட்டாகிளாஸாக (என்னென்ன பெயர், என்ன டைப் என்று முன்பே எழுதிவைக்கும் கிளாஸ்) மாற்றுங்கள். வேண்டிய தலைப்பு இல்லையென்றால் அங்கேயே எர்ரர் எழுப்பி நிறுத்துங்கள். அதன்பின் ஓர் எழுத்து தப்பினாலும் மைபை பிடித்துவிடும்.

மேக்ரோ என்றாலே டைப்புக்கு எதிரி என்று ஒதுக்குவது

மேக்ரோ எப்போது முழுக் கோடாக விரிகிறது என்பதுதான் கேள்வி. ரஸ்ட் மொழியில் மேக்ரோ முதலில் விரியும். விரிந்து வந்த கோடைத்தான் கம்பைலர் டைப் பார்க்கும். அதனால் மேக்ரோ எழுதிய கோடும் சோதனைக்குத் தப்பாது. என்ன விரிந்தது என்று குழம்பினால் கார்கோ எக்ஸ்பேண்ட் என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

சீ மொழி மேக்ரோவை ஃபங்ஷன் என்று நினைப்பது

எக்ஸ்*எக்ஸ் என்று எழுதிய மேக்ரோவுக்கு 2+3 கொடுத்தால் அப்படியே ஒட்டி 2+3*2+3 ஆகி 11 வரும், 25 வராது. அடைப்புக்குறி போட்டாலும் ஐ++ (ஐயில் ஒன்று கூட்டு) கொடுத்தால் இருமுறை ஓடும். ஃபங்ஷனே எழுதுங்கள்.

மெட்டாகிளாஸ்

கிளாஸை உருவாக்கும் கிளாஸ் இது. கிளாஸ் மேல் @ போட்டு ஒட்டும் டெக்கரேட்டர் போதுமென்றால் இது வேண்டாம்.

டைப் இக்னோர்

இந்த வரியின் எர்ரரைக் காட்டாதே என்று மைபைக்குச் சொல்லும் குறிப்பு இது. எந்த எர்ரருக்கு என்று அதன் எர்ரர் கோடையும் (எர்ரரின் பெயர்) சேர்த்து எழுதுங்கள். வெறுமனே போட்டால் அந்த வரியின் எல்லா எர்ரரும் மறைந்துவிடும்.