ஆம்ப்ளிஃபயர் வயரிங்: 'ம்ம்ம்' சத்தம் வராமல் கிரவுண்டு வயரை எங்கே இணைப்பது?

டிடிஏ 2030ஏ என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்ட இரண்டு போர்டுகள், ஒரு 12-0-12 டிரான்ஸ்பார்மர் (3 ஆம்பியர்), ஏசியை டிசியாக்கும் ஒரு பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு. இவ்வளவுதான் சாமான். பாட்டு நன்றாகவே வந்தது. ஆனால் பாட்டை நிறுத்தியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வால்யூமை அடியோடு குறைத்தாலும் போகவில்லை. இரண்டு வாரம் போராடினேன். கெப்பாசிட்டரை மாற்றினேன், ஐசியை மாற்றினேன். கடைசியில் ஒரே ஒரு வயரை ஆறு சென்டிமீட்டர் தள்ளிப் பற்றவைத்ததும் நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன். போர்டில் பாகங்களைப் பொருத்துவதும் ஈயம் வைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் 230 வோல்ட் பக்கம்

ஃபேஸ் வயரில் ஃபியூஸ், அதற்கு அடுத்து சுவிட்ச், பிறகு டிரான்ஸ்பார்மர். இந்த அளவு டிரான்ஸ்பார்மருக்கு 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ புளோ (கணநேர எழுச்சிக்கு எரியாத) ஃபியூஸ் போதும். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஸ்லீவ் போடுங்கள், இன்சுலேஷன் டேப்பை நம்பாதீர்கள். வெயில் காலத்தில் பசை இளகித் தானே பிரிந்துவிடும்.

பெட்டி உலோகமானால் எர்த் வயர் கட்டாயம். போல்ட் முடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. உயிரோடு விளையாடும் வேலை அது, செய்யவே செய்யாதீர்கள்.

டிரான்ஸ்பார்மரின் வெளிப்பக்கம் மூன்று வயர் இருக்கும். நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரில் ஏசி வைத்து அளந்து பாருங்கள். இரண்டு ஓரத்துக்கும் இடையே 24, ஓரத்துக்கும் நடுவுக்கும் 12. நடு வயர்தான் சென்டர் டேப், அதாவது 12-0-12இல் உள்ள ஜீரோ. ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டு இதுதான். பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் இந்த 12, கணக்குப்படி டிசியில் 16 சொச்சம் ஆகும். லோடு இல்லாமல் அளந்தபோது என் மீட்டர் 17.8 காட்டியது. டிடிஏ 2030 ஐசியின் உச்ச வரம்பே பிளஸ் மைனஸ் 18தான். அதனால் 'ஏ' என்று முடியும் ஐசியாகக் கேட்டு வாங்குங்கள், அது 22 வரை தாங்கும். கெப்பாசிட்டர் 25 வோல்ட் போதும் என்றாலும் நான் 35 வோல்ட்தான் போடுவேன்.

இப்போது அந்த ஜீரோ

நான் செய்த தவறு இது. சென்டர் டேப் வயர் வந்து சேரும் டெர்மினலிலிருந்தே போர்டுகளின் கிரவுண்டையும் எடுத்தேன். ஜீரோ எங்கிருந்து எடுத்தாலும் ஜீரோதானே என்று நினைத்திருந்தேன். அந்த டெர்மினலிலிருந்து கெப்பாசிட்டர்களுக்குப் பத்து சென்டிமீட்டர் வயர் போனது.

அந்தப் பத்து சென்டிமீட்டரில் நடப்பதைப் பாருங்கள். கெப்பாசிட்டர்கள் தொடர்ச்சியாக சார்ஜ் ஆவதில்லை. நொடிக்கு 100 முறை, ஒவ்வொரு முறையும் மிகக் குறுகிய நேரம், குபீரென்று கரண்டை இழுக்கின்றன. அந்த உச்சம் 5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் பத்து சென்டிமீட்டருக்கு சுமார் 3.4 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் உண்டு. பெருக்கினால் 17 மில்லி வோல்ட். அற்பமாகத்தான் தெரியும். ஆனால் இன்புட் கிரவுண்டு ஒரு முனையிலும் போர்டு கிரவுண்டு மறு முனையிலும் இருந்தால், ஆம்ப்ளிஃபயர் இந்த 17 மில்லி வோல்ட்டையும் பாட்டு என்றே எடுத்துக்கொள்ளும். பெருக்கத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர்களாக 22 கே, 680 ஓம் போட்ட போர்டின் பெருக்கம் 33 மடங்கு. ஸ்பீக்கருக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இரைச்சல் போய்ச் சேரும்.

சரியான வரிசை இதுதான். சென்டர் டேப் நேராக இரண்டு கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் இடத்துக்குப் போக வேண்டும், தடித்த வயரில், முடிந்தவரை குட்டையாக. அங்கிருந்து ஒரே ஒரு வயரை எடுத்து ஒரு சிறிய செம்புத் தகட்டில் பற்றவையுங்கள். போர்டு கிரவுண்டு இரண்டும், ஸ்பீக்கர் மைனஸ் இரண்டும், பெட்டிக்குப் போகும் ஒரு வயரும் அந்தத் தகட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும். சார்ஜ் கரண்ட் ஓடும் பாதையில் வேறு எதையும் தொட விடாதீர்கள். இன்புட் கிரவுண்டு மட்டும் தகட்டுக்கு வராது, நேராகப் போர்டின் இன்புட் பின்னுக்குப் போகும்.

பிளஸ், ஜீரோ, மைனஸ் மூன்றையும் ஜடை பின்னுவதுபோல் பின்னிக் கொண்டுபோங்கள். டிரான்ஸ்பார்மர் வயர்களையும் அப்படியே முறுக்குங்கள்.

இன்புட் வயரும் கனெக்டரும்

இன்புட்டுக்கு ஷீல்டு வயர் (மேலே கம்பி வலை சுற்றியது). ஆர்சிஏ சாக்கெட் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷர் போட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே இரண்டாவது கிரவுண்டு உருவாகிவிடும். வால்யூம் கண்ட்ரோலுக்கு 47 கே லாக் வகை வாங்குங்கள். லீனியர் போட்டால் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் ஏறிவிடும்.

கனெக்டரில் என் விருப்பம்: இன்புட்டுக்கு ரிலிமேட் (செருகிக் கழற்றும் சின்ன பின் கனெக்டர்) சரி, சப்ளைக்கும் ஸ்பீக்கருக்கும் நேரடியாகப் பற்றவைப்பது அல்லது ஸ்குரூ டெர்மினல். ஸ்குரூவில் நுழைக்கும் வயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள். ஈயம் மெத்தென்று இருப்பதால் அழுத்தத்தில் நசுங்கி, சில மாதங்களில் இணைப்பு தளர்ந்துவிடும். வெறும் வயரை முறுக்கி நுழைக்கலாம், ஃபெருல் (நுனிக்குப் போடும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்தினால் இன்னும் நல்லது.

ஹீட் சிங்க்

டிடிஏ 2030ஏ முதுகிலுள்ள உலோகம் மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்கா ஷீட், பிளாஸ்டிக் புஷ் இரண்டும் இல்லாமல் முடுக்கினால் ஹீட் சிங்க் முழுவதும் மைனஸ் ஆகிவிடும். அது பெட்டியைத் தொட்ட நிமிடம் ஷார்ட். முடுக்கியபின் ஐசி முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் வரக்கூடாது.

முதல் முறை ஆன் செய்வது

60 வாட் குண்டு பல்பு ஒன்றை 230 வோல்ட் ஃபேஸ் வயரில் சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. விடாமல் எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் காயில் கருகிவிடும்.

அதற்குப் பிறகும் இரைச்சல் வந்தால் காதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வால்யூம் ஜீரோவில் இருந்தும் மாறாத இரைச்சல் சப்ளை, கிரவுண்டு பக்கத்துக் கோளாறு. வால்யூமோடு கூடினால் இன்புட் பக்கம். வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடலைத் தொட்டதும் அடங்கினால் அந்த உடலுக்கு கிரவுண்டு இல்லை. டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் திருப்பியதும் மாறினால் அதன் காந்தப்புலம்தான் காரணம், போர்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஒரு சேனலை மட்டும் மாட்டினால் அமைதி, இரண்டையும் மாட்டினால் இரைச்சல் என்று இருவர் கமென்டில் எழுதியிருந்தார்கள். இரண்டு போர்டுகளின் கிரவுண்டும் தகட்டில் ஒரு முறை, வால்யூம் கண்ட்ரோலில் இன்னொரு முறை சந்திப்பதால் ஒரு வளையம் உருவாகிறது. வளையம் பெரிதானால் இரைச்சலும் பெரிதாகும். போர்டுகளை ஒட்டி வைத்து, இரண்டு இன்புட் வயர்களையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோங்கள். இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு சேனலும் ஒரே போர்டில் இருப்பதாக வாங்குங்கள்.

இன்னொன்று: புளூடூத் மாட்யூல் சேர்த்ததும் 'கீ...' என்று மெல்லிய சத்தம் வருவதாகப் பலர் கேட்கிறார்கள். மாட்யூலின் சப்ளை கிரவுண்டும் ஆடியோ கிரவுண்டும் ஒரே வயர் வழியாகத் திரும்புவதால் வருவது. மாட்யூலுக்குப் பழைய போன் சார்ஜரிலிருந்து தனியாக 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் காரணம் உறுதி. அப்போது பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேட்டட் (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாத) கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். மாட்யூலுக்கு அது தரும் 5 வோல்ட்டின் மைனஸை மட்டும் தகட்டில் இணைத்துவிடாதீர்கள்.