நாய் சோர்ந்து படுத்தால்: வெயிலா, நோயா?

மே மாதச் சென்னையில் நாய் டைல்ஸ் தரையோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தால் ‘வெயில் தாங்கல’ என்று விட்டுவிடுகிறோம். பல நாள் அது சரிதான். ஆனால் உண்ணிக் காய்ச்சலும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். பொழுது சாய்ந்தபின் பாருங்கள். வெயிலில் களைத்த நாய் கடற்காற்று வந்ததும் எழுந்துவிடும், சாப்பாட்டுத் தட்டைத் தேடும். விடியற்காலைக் குளிர்ச்சியிலும் வாசல்வரை வர மனமில்லாத நாய்க்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

சந்தேகம் வந்தால் முதலில் ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளுப்பு, மஞ்சள், நீலம் எதுவானாலும் உடனே கிளம்புங்கள். வெளுப்பு ரத்த இழப்பையோ ரத்த ஓட்டக் குறைவையோ, மஞ்சள் கல்லீரல் கோளாறையோ சிவப்பணுக்கள் சிதைவதையோ காட்டும். நீலம் என்றால் ஆக்சிஜன் போதவில்லை.

அடுத்து மூச்சு. தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கொண்டு 30 நொடி எண்ணி இரட்டியுங்கள். குளிர்ந்த இடத்தில் படுத்திருந்தும் நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ டாக்டர் பார்க்க வேண்டும். காய்ச்சலை மூக்கைத் தொட்டு அறிய முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் சுமார் 2 செ.மீ. செலுத்துங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் அன்றே டாக்டர்.

வெயிலில் இருந்த நாய் கடுமையாக மூச்சிரைத்து 104-ஐத் தாண்டினால் அது வெப்பத் தாக்கு. குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே வண்டியேற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைக்கும். 103-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

உண்ணிக் காய்ச்சலை நம் ஊரில் ஆண்டு முழுக்க மனதில் வைக்க வேண்டும். நாய் உண்ணி சுவர் விரிசலிலும் கதவிடுக்கிலும் வாழும், ஆகவே தெருவுக்கே போகாத அடுக்குமாடி நாய்க்கும் வரும். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே நோய் தெரியலாம். இன்று உடம்பில் உண்ணி இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், காபி நிறச் சிறுநீர் தெரிந்தால் இரவானாலும் காத்திருக்காதீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கையுடன் முழு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனையில் கிருமி தெரியாததால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது.

காத்திருக்கவே கூடாத வேறு சிலவும் உண்டு. தடுப்பூசி முடியாத குட்டிக்குச் சோர்வோடு வாந்தியோ ரத்தக் கழிச்சலோ வந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே நீர்ச்சத்து வற்றிவிடும். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, தண்ணீரை அதிகமாகக் குடித்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே வராத வகைதான் அதிக ஆபத்து. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றில் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரைக் குடித்த நாய்க்கு எலிக் காய்ச்சலும் வரலாம். அது நமக்கும் தொற்றும் என்பதால் சிறுநீரைக் கையுறையோடு துடையுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடாத வளர்ந்த நாய்க்கு 24 மணி நேரம் பொறுக்கலாம். குட்டிக்கும் வயதான நாய்க்கும் அந்த அவகாசம் கிடையாது.

நமக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுக்கவே கூடாது. முன்னது கல்லீரலையும் பின்னது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளினை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நீங்களாகவே தொடங்குவதும் தவறு. சோதனை முடிவு குழம்பும், அளவும் தவறும். டாக்டர் எழுதினால் பெரும்பாலும் 4 வாரம். மூன்றாம் நாளே நாய் துள்ளி விளையாடத் தொடங்கும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வரும். கடைசி மாத்திரை வரை கொடுத்து, பிளேட்லெட்டை மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.