குப்பையில்லாத இலவசத் தெருவிழா: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை

தெருவிழா நடத்தலாம் என்று நான்கு பேர் கூடினால், பேச்சு பெரும்பாலும் மேடையிலிருந்துதான் தொடங்கும். யாரைப் பாட அழைப்பது, பந்தல் எவ்வளவு அகலம், சிறப்பு விருந்தினர் யார் என்று போய், குப்பையைப் பற்றிய பேச்சு விழா முடிந்த இரவில்தான் வரும். வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். விழாவுக்கு மறுநாள் காலை 7 மணிக்கு உங்கள் தெரு எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு முடிவையும் எடுங்கள். சூழலுக்கு இசைந்த வாழ்க்கையையும் கைத்திறனையும் கொண்டாடும் விழாவுக்கு வேறு எந்தத் திட்டமிடலும் பொருந்தாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் முதன்முறை விழா எடுத்தபோது, "இயற்கைக்கு உகந்தது" என்று சொல்லி ஒரு கடையில் விற்ற காகிதக் கோப்பைகளை நம்பி வாங்கினோம். மறுநாள் அவை மூன்று சாக்குகள் நிறையக் கிடந்தன. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருந்ததால் அவற்றை மட்கவைக்கவும் முடியவில்லை. பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்க மறுத்துவிட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் அடக்கம் என்பதைப் பிறகுதான் படித்தோம். துணி போலத் தோன்றும் நெய்யப்படாத பைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆகவே வரவேற்புப் பை கொடுக்க விரும்புவோர் அச்சிட்ட அந்தப் பைகளை நாடாமல், பழைய வேட்டி, புடவைகளில் தைத்த பைகளையே கொடுக்கவும்.

முதல் படி: அளவு, நாள், அனுமதி

முதன்முறைக்கு 300 பேருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஒரே தெரு, மாலை 4 மணி முதல் 8 மணி வரை என்று வைத்துக்கொண்டால் கையாள எளிது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலும் ஏறாத தை மாதத்தின் பிற்பகுதி மிகவும் ஏற்றது. பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகள் ஒத்துழைக்கத் தயங்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்பே மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் விண்ணப்பித்து, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை நடத்துபவர், குறைந்தது 3 வேலைநாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. ஒலிபெருக்கிக்கும் தனியாக அனுமதி தேவை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் வகுக்கப்பட்டுள்ள வரம்பு 55 டெசிபல்; அது இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஒலிக்கு ஏறத்தாழ அருகிலேயே நிற்கும் அளவு. எனவே பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை மறந்துவிடுவதே நல்லது.

செலவுக்கு வீட்டுக்கு வீடு சிறு தொகை வாங்கினால் போதும். விளம்பரதாரர் ஒருவர் வந்தால், அவரோடு ஃபிளெக்ஸ் பதாகையும் வந்து சேரும்.

இரண்டாம் படி: தண்ணீரும் தின்பண்டமும்

குப்பையில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பதால், உங்கள் உழைப்பில் பாதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். 30 வீடுகளில் வீட்டுக்கு 5 எவர்சில்வர் டம்ளர்கள் என்று இரவல் கேட்டால் 150 டம்ளர்கள் கிடைத்துவிடும்; உடனுக்குடன் கழுவிக்கொண்டே இருந்தால் 300 பேருக்கு அவை தாராளமாகப் போதும். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கம் இருப்பது இந்த இடத்தில் எவ்வளவு உதவுகிறது என்பதை விழா முடிந்து டம்ளர்களைத் திருப்பித் தரும்போது உணர்வீர்கள். பெயர் வெட்டாதவற்றின் அடியில் வண்ண நூலைச் சுற்றிக் கட்டிக் கணக்கு வைத்தால் நூல் நனைந்து அவிழ்ந்துவிடுகிறது. ஆகவே அவற்றில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, எந்த நிறம் எந்த வீடு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவும் இடத்தில் மூன்று அண்டாக்கள் வேண்டும். முதலாவதில் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரும் தேங்காய் நாரும், இரண்டாவதில் அலசுவதற்கான நல்ல தண்ணீர், மூன்றாவதில் கை பொறுக்கும் அளவுக்கு மேலான வெந்நீர். வெந்நீரிலிருந்து டம்ளரை எடுக்கக் கிடுக்கி அவசியம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் கொட்டாமல், வாழை இருக்கும் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஊற்றுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கழுவுபவர்களை மாற்றுங்கள். இந்த வேலை தெருவின் பெண்கள் தலையிலேயே விழுந்துவிடாமல் இருக்க, பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவது நலம். எங்கள் தெருவில் பட்டியல் ஒட்டிய பிறகுதான் ஆண்கள் அண்டா பக்கம் வந்தார்கள்.

குடிநீருக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டால் 300 பேருக்கு 150 லிட்டர் வேண்டும். அதாவது 20 லிட்டர் கேன்கள் எட்டு. அவற்றை மண்பானைகளில் ஊற்றிக் குழாய் பொருத்திவிட்டால் பாட்டில் என்ற பேச்சே எழாது. உண்பதற்குச் சுண்டல், அவல், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். இவற்றுக்கு மந்தாரை இலையில் தைத்த தொன்னையே போதும், கரண்டி தேவைப்படாது. நீர்மோரும் பானகமும் டம்ளரில் போகட்டும். குழம்பு உள்ள எந்த உணவையும் முதல் ஆண்டில் தொடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: பழுது பார்க்கும் திண்ணை

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009இல் மார்ட்டினே போஸ்ட்மா என்பவர் தொடங்கிய, பழுதான பொருட்களைக் கூடி உட்கார்ந்து சரிசெய்யும் பழுதுபார்ப்புக் கூடுகை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. பெங்களூரிலும் 2015இல் அது வேர்விட்டது. ஆனால் நம் தெருக்களுக்கு இது புதிதன்று. ஈயம் பூசுபவரும், சாணை பிடிப்பவரும், குடை ரிப்பேர் செய்பவரும், அம்மி கொத்துபவரும் வாசலுக்கே வந்துபோன காலத்தைப் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால், இப்போது அந்தத் தொழிலைச் செய்பவர் எந்த முனையில் உட்காருகிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

செருப்பு தைப்பவர், தையல்காரர், மிக்சி, மின்விசிறி பார்ப்பவர், சைக்கிள் மெக்கானிக் ஆகிய நால்வரையாவது அழையுங்கள். விழா வருபவர்களுக்குத்தான் இலவசம்; இவர்களுக்கு ஒரு நாள் முழுக் கூலியைக் காலையிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். சேவை என்ற பெயரில் கைவினைஞரின் உழைப்பை ஓசியில் வாங்கும் வழக்கத்தை நான் பல விழாக்களில் கண்டு கூசியிருக்கிறேன். பொருளைக் கொண்டுவந்தவர் அருகிலேயே உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றுவது முதல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இல்லையென்றால் பொருட்களை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், திண்ணை கிடங்காகிவிடும். ஆளுக்கு ஒரு பொருள் மட்டும் என்று டோக்கன் கொடுங்கள். மின்சாரத்தை அருகில் உள்ள வீட்டின் பிளக்கிலிருந்து, எர்த் இணைப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக எடுங்கள். தெருக்கம்பத்தில் கொக்கி போடுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து.

நான்காம் படி: கைமாற்றுச் சந்தையும் விதையும்

துவைத்து மடித்த துணி, பள்ளிப் பாடநூல், விளையாட்டுப் பொருள் என்று ஆளுக்கு மூன்று கொண்டுவரலாம், வேண்டியதை எடுத்துச் செல்லலாம். எடுத்ததற்கும் கொடுத்ததற்கும் கணக்குப் பார்க்காதீர்கள். ஆனால் மிஞ்சுவது எங்கே போகும் என்பதை விழாவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். கிழிந்த துணியை வாசலிலேயே மறுக்கவும் தயங்கவேண்டாம்.

விதைகளைச் செய்தித்தாள் பொட்டலங்களில் கட்டி, பெயரையும் சேகரித்த மாதத்தையும் எழுதுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியைப் பலர் அறிவார்கள். தைப்பட்டமும் உண்டு என்பதை விழாவில் நினைவூட்டலாம். மாடித்தோட்டத்தில் முதன்முறை இறங்குபவருக்குக் கீரை, வெண்டை, கத்தரி ஆகிய மூன்றே போதும்.

ஐந்தாம் படி: கலை

மேடை வேண்டாம். உயரமான ஒரு வாசற்படியும் எதிரே விரித்த பாய்களும் போதும். சென்னையில் 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவக் குடியிருப்பில் தொடங்கிய இலவச விழா, கர்நாடக இசையையும் பறையையும் ஒரே களத்துக்குக் கொண்டுவந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா அதன் அமைப்பாளர்களில் ஒருவர். எந்தக் கலை எங்கே நிகழ்கிறது என்பதும் ஒரு கேள்விதான் என்று அந்த விழா பலருக்குக் காட்டியது. உங்கள் தெருவிலும் வெளியாட்களைத் தேடும் முன், பின்சந்தில் யார் பறை அடிக்கிறார்கள், எந்த வீட்டுப் பாட்டிக்கு ஒப்பாரியும் தாலாட்டும் தெரியும் என்று விசாரியுங்கள்.

கோலப் போட்டியில் சாயம் கலந்த கலர்ப்பொடிக்கு மாறாக அரிசி மாவும் காவியும் மட்டும் என்று வையுங்கள். மிஞ்சியதை எறும்புகள் பார்த்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்யக் கற்றுக்கொடுக்க ஒருவர் கிடைத்தால், அந்த இடத்தில்தான் கூட்டம் நிற்கும்.

ஆறாம் படி: இரவும் மறுநாளும்

இலையும் தோலும் ஒரு கூடை, காகிதமும் அட்டையும் ஒரு கூடை, மற்றவை ஒரு கூடை என மூன்று கூடைகளை ஒரே இடத்தில் வைத்து, பக்கத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருவரை நிறுத்துங்கள். யாரும் நிற்காத கூடையில் எல்லாமே கலந்துவிடும். தூய்மைப் பணியாளர்களின் தலையில் எதையும் கட்டாமல், இரவு 9 மணிக்குள் தெருவை நீங்களே பெருக்கிவிடுங்கள்.

இலையும் தோலும் சேர்ந்த கூடையை உரமாக்க, அடியிலும் பக்கவாட்டிலும் துளையிட்ட பானைகளில் காய்ந்த சருகை முதலில் பரப்பி, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு அல்லது நார்க்கழிவு என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே புளித்த மோரைத் தெளியுங்கள். தொன்னைகளைக் கிழித்துப் போட்டால் விரைவில் மட்கும். வாரம் இரண்டு முறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் கொஞ்சம் சருகு சேர்த்தால் சரியாகிவிடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் மண் வாசனையுடன் உரம் தயாராகும். அதைச் சலித்து, விதை வாங்கிப்போன வீடுகளுக்கு ஆளுக்கு இரண்டு கைப்பிடி கொடுங்கள். அப்படியே, இன்னும் திரும்பி வராத டம்ளர்களையும் கேட்டு வாங்கிவிடலாம்.