சாலி கோலியை எங்கே தேடுவாள்?

சாலி என்ற பொம்மை கூடையில் ஒரு கோலிக்குண்டைப் போட்டுவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். சாலி திரும்பி வந்ததும் எங்கே தேடுவாள்? கூடையில்தான். 1985-ல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் என்ற உளவியல் ஆய்வாளர்கள், ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) உள்ள 20 குழந்தைகளிடம் இதைக் கேட்டார்கள். 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகக் காட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு, "ஆட்டிசம் இருந்தால் பாசமே இருக்காது" என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. சோதனை கேட்டது சாலிக்கு என்ன தெரியும் என்பதை மட்டும்தான். அவள் மேல் இரக்கம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லையே! அம்மா அழும்போது காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிற பிள்ளை, அழுகையைத் தாங்க முடியாமலும் ஓடியிருக்கலாம்.

சரியாகச் சொன்ன மற்ற 4 பேரைப் பலர் மறந்தே போகிறார்கள். இப்படிப்பட்ட சோதனைகளின் முடிவுகளை 1995-ல் ஃபிரான்செஸ்கா ஹாப்பே என்ற ஆய்வாளர் திரட்டிப் பார்த்தார். மற்ற குழந்தைகள் 4 வயது மொழித்திறனில் எட்டுவதை எட்ட, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சுமார் 9 வயதுக்குரிய மொழித்திறன் தேவைப்பட்டது. தாமதமாக வருவதை 'வரவே வராது' என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம், பழியை ஒரே பக்கம் போடுவது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனிடம் வீட்டுக்கு வந்தவர் "தண்ணி இருக்கா தம்பி?" என்கிறார். பையன் "இருக்கு" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடர்கிறான். உடனே "திமிரைப் பாரு" என்பார்கள். கேட்டதற்கு அவன் நேராகப் பதில் சொல்லியிருக்கிறான் என்பது வந்தவருக்கும்தான் புரியவில்லை. புரியாமை இரு பக்கமும் உண்டு என்று 2012-ல் வாதிட்ட டேமியன் மில்டன், தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். ஒருவர் காதில் வாங்கிய கதையை அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம் என வரிசையாகச் சொல்லும் ஆய்வு ஒன்று 2020-ல் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் மற்றவர்களும் கலந்த வரிசையில்தான் கதை அதிகம் தேய்ந்தது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2025-ல் இன்னும் பெரிய அளவில் செய்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் இரண்டு முறையும், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் கதை சொன்ன வரிசை மற்றவர்களின் வரிசைக்குக் குறைந்துபோகவில்லை.