பழைய லேப்டாப்புக்கு ஹார்டு டிஸ்க் வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் பார்த்து டிஸ்க் வாங்குவதுதான் முதல் தவறு. ஒரே மாடலில் வேறு வேறு டிஸ்க் போட்டு விற்றிருப்பார்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். அது சொல்வதுதான் சரியான கணக்கு.

பின்பக்கம் ஊசி ஊசியாக இரண்டு வரிசைப் பின்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு. தட்டையாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகள், ஒன்று நீளம் மற்றது குட்டை என்றால் அதற்குப் பின் வந்த சாட்டா வகை. ஒன்றுக்குப் பதில் மற்றது நேரடியாகப் பொருந்தாது. இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. சில லேப்டாப்புகளில் ஊசிகளின் மேல் ஒரு சின்ன கன்வர்ட்டர் துண்டைச் செருகியிருப்பார்கள். அதுவே டிஸ்க்கின் முகம்போலத் தெரியும். மெதுவாக அசைத்து இழுத்தால் கழன்று வரும். அதையும், டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தையும், குட்டி ஸ்க்ரூக்களையும் பத்திரப்படுத்துங்கள். புது டிஸ்க்கோடு அவை வருவதில்லை.

அடுத்தது தடிமன். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். '2.5 இஞ்ச்' என்று பார்த்ததும் திருப்தியாகி 9.5 மில்லிமீட்டர் டிஸ்க் வாங்கிவிட்டேன். லேப்டாப்பில் இருந்த இடமோ 7 மில்லிமீட்டர். கனெக்டர் கச்சிதமாக உட்கார்ந்தது, மூடிதான் மூடவில்லை. அழுத்தி மூடலாமா என்று ஒரு கணம் யோசித்ததை ஒப்புக்கொள்கிறேன். மெலிந்த டிஸ்க்கைப் பெரிய இடத்தில் வைக்கலாம், ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுத்தால் ஆடாது. தடித்ததற்கு வழியே இல்லை. அதிகக் கொள்ளளவுள்ள சில 2.5 இஞ்ச் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கும், கவனம்.

சாட்டா 2, சாட்டா 3 என்ற வேகத் தலைமுறைகளைப் பார்த்து ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதுவாகப் புதியது பழையதில் ஓடும், வேகம்தான் குறையும்.

கொள்ளளவில் ஆசை வைப்பதற்கு முன் லேப்டாப்பின் வயதைப் பாருங்கள். ஐடிஇ காலத்துப் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) பல, 137 ஜிபிக்கு மேல் கண்டுகொள்வதில்லை. அதன்பின் வந்தவற்றிலும், எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதிகளாகப் பிரித்த டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் வீண்தான்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போடுவதாக இருந்தால் (சாட்டா லேப்டாப் என்றால் அதைத்தான் சொல்வேன்) 2.5 இஞ்ச் சாட்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் பட்டைபோல இருக்கும் எம்.2 வகையை ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே செருக முடியாது.

அப்புறம், 500 ஜிபி டிஸ்க்குக்குப் பதிலாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, உள்ளதை அப்படியே குளோன் செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே 100 ஜிபிதான் இருந்தாலும், பல குளோன் மென்பொருள்கள் இடம் போதாது என்று மறுத்துவிடும். முதலில் பழைய டிஸ்க்கில் பார்ட்டிஷனை (பிரித்து வைத்துள்ள பகுதியை) சுருக்கிவிட்டு ஆரம்பியுங்கள். அதற்கும் முன்னால், முக்கியமான கோப்புகளை வேறெங்காவது நகலெடுத்து வையுங்கள்.