ஜீப்பின் அடியைத் தின்ற உப்பு

முட்டத்தில் கடலை ஒட்டிய வீடு. உப்புக்காற்றும் கீரிப்பாறை மலைப்பாதைச் சேறும் சேர்ந்து என் ஜீப்பின் சேஸிஸை (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) அரித்திருந்தன. முன்பு ஒரு பட்டறையில் துருவின் மேலேயே தார்ப் பூச்சு அடித்துக் கொடுத்திருந்தார்கள். திருப்புளியால் நெம்பியதும் அது அப்பளம்போல் உரிந்து வந்தது, அடியில் ஈரம்.

உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவச் சட்டத்தின் உட்புறத்தில்தான் வினை. வடிகால் ஓட்டைகளை அடைத்திருந்த செம்மண்ணைக் கம்பியால் குத்தியெடுத்து, நீர் பீய்ச்சிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். பிறகு கம்பி பிரஷ்ஷோடு பாதி நாள் மல்லாந்து கிடந்தேன் (கண்ணாடி அணியாதது என் மடத்தனம்). அடுத்து, மிஞ்சிய துருவைக் கெட்டிப் படலமாக்கும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி, எபாக்சி பிரைமர் என்னும் அடிப்பூச்சு, இரண்டு கை பெயின்ட். உட்புறத்துக்கு நீளக் குழாய் வழியே மெழுகுத் திரவம். நீர் வடிய வேண்டுமே, ஓட்டைகளை மூடவில்லை.

வாரந்தோறும் அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறேன். கிணற்று நீரைத் தொடுவதில்லை, எங்கள் கிணற்று நீரும் உப்பு.